'மாதிரி'யை எடுத்துவிட்டால்

உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேறுபாடு என்று இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. சொன்ன மறு நிமிடம் எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நீங்களும் தமிழாசிரியர் என்றால் அந்தக் கொட்டாவியை அறிவீர்கள். நான் பார்த்த பெரியவர்கள் வகுப்பைத்தான் அறிந்திருக்க மாட்டீர்கள். ரஹாங்கில் இருந்து ஞாயிறுதோறும் மதியம் காரை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் போவேன். அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில், கதை கவிதை ரசிக்க ஆசைப்பட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கு இலக்கிய உத்திகளைச் சொல்லித்தரும் வேலை. சம்பளம் கிடையாது. காப்பியும் பிஸ்கட்டும் உண்டு.

உருவகம்

"மலர் போன்ற முகம் என்றால் உவமை. 'போன்ற' என்பதை எடுத்துவிட்டு முகமே மலர் என்றால் உருவகம்" என்று முதல் வாரமே பலகையில் எழுதிப் போட்டேன். சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு கேட்டேன். எல்லாரும் நிலாவைச் சொன்னார்கள். ஆறுமுகம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர் அவர். மனைவியின் தங்கை பிரசவத்தில் இறந்துபோக, அந்தக் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தவர். அவள் இப்போது சிரம்பானில் தாதியர் படிப்பு படிக்கிறாள்.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் அவளை எனக்கு மக மாதிரின்னு சொல்றாங்க டீச்சர். நான் அந்த 'மாதிரி'ய எடுத்துப் பத்தொன்பது வருசமாச்சு."

சொல்லாமல் சொல்வது

கதையில் முக்கியமான விஷயத்தை வெளிப்படையாக எழுதாமல் வாசகருக்கு உணர்த்துவது ஓர் உத்தி. அதற்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். சுவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய் அரைப் பக்கம் எழுதிவந்தார். கடைக்காரர் ஒருவர் தினமும் நாலு மணிக்கு இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ ஆற்றுகிறார். ஒன்றைத் தான் குடிக்கிறார். இன்னொன்றை எதிரே வைக்கிறார். அது ஆறி, ஆடை கட்டியதும் எடுத்துக் கொட்டிவிட்டு, கிளாஸைக் கழுவி வைக்கிறார். அவ்வளவுதான் கதை.

பாயின் அண்ணன் போன வருடம் காலமானார். இருவரும் சேர்ந்துதான் கடையை நடத்திவந்தார்கள். மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் வாத்தியார் புத்தி போகுமா? "அந்த ரெண்டாவது டீ யாருக்குன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே பாய்" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "போட்டா நீங்க தப்புன்னு சொல்லணும்லா டீச்சர்."

மரமும் மனிதரும்

சரஸ்வதி அக்கா நிலாயில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுனில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் வகுப்பில் சேர்ந்த காரணம் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கணவருக்கு மறதி நோய். அவர் இளவயதில் கவிதை எழுதி வைத்த நோட்டு ஒன்று அக்காவிடம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"விடியுமுன் உன்னிடம்தான் வருகிறேன், பெண்ணே. பழைய காயத்தின் கீழேயே புதிய காயம் தருகிறேன். ஒரு சொல்லும் சொல்லாமல், இருப்பதையெல்லாம் எனக்கே தருகிறாய்."

"கல்யாணமாகி ரெண்டாவது வருசம் இதப் பார்த்தேன். யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டதில்ல. கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம். அப்புறம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசினதே இல்ல" என்றார். நான் குறியீடு, படிமம் என்று ஏதேதோ சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த பாக்கியம், முன்பு பால் வெட்டியவர், "இன்னொரு தடவ படிங்க" என்றார். படித்தேன்.

"இது பொம்பள இல்ல டீச்சர், பால் மரம். செம்பனைக்கு முந்தி இங்க எல்லாம் ரப்பர்தான். பழைய வெட்டுக்குக் கீழதான் புது வெட்டு போடுவோம். கிராணி ஆவறதுக்கு முந்தி அக்கா வீட்டுக்காரரும் வெட்டுனவருதான். எங்க அப்பாவுக்குப் பக்கத்து மர நிரை."

மரத்தைப் பெண்ணாக்கி அழைத்துப் பேசும் உத்தி. எத்தனையோ வருடமாக நான் நடத்திய பாடம்தான். கண்முன் வந்து நின்றபோது எனக்குத் தெரியவில்லை. சரஸ்வதி அக்கா நோட்டை மூடி மடியில் வைத்து, அதன் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு மரத்துக்காகவா நான் இத்தன வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்?"

பின்னோக்கு உத்தி

அடுத்த ஞாயிறு அக்கா கணவரையும் கூட்டிவந்தார். அன்றைக்குப் பாடம், கதையை நடுவில் நிறுத்திப் பழைய காலத்துக்குப் போகும் உத்தி. சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மனைவியை "நீங்க" என்று மரியாதையாக அழைத்தார். அக்கா யார் என்று கிராணிக்குத் தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில் அக்கா அந்தக் கவிதையைக் கணவரிடம் வாசித்துக் காட்டினார். தடுமாறவில்லை, அவசரப்படவும் இல்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "நல்லா எழுதியிருக்கான். பால் வெட்டத் தெரிஞ்சவன். யாரு அது?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஒரு பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து அவர் கையில் கொடுத்தார். "எனக்கு ரொம்ப வேண்டியவருதான். நடுவுல கொஞ்ச நாள் பேச்சுவார்த்த இல்ல, இப்பப் பேசிக்கிட்டிருக்கோம்."

இப்போதெல்லாம் லாபுவுக்குப் போகும்போது பாடக்குறிப்பைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். கைச்சுமையும் குறைகிறது, அவமானமும் குறைகிறது.