அழிஞ்சுபோன கீழத்தெரு

இன்னைக்கு நரிக்குடிப் பக்கம் எங்க ஊர்ல, கருப்பையா பெரியப்பா வீட்டுல லேப்டாப்போட உக்காந்திருந்தேன். எழுபதுகள்ல காலராவுல போனவுகளுக்குப் பேரு சொல்லிப் படையல் வைக்கணும்.

பெரியப்பா ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல டைப் பண்ணேன். என் புரோகிராம் வீடுவாரியா அடுக்குச்சு. கீழத்தெருவை ஃபைல்ல சேமிச்சேன். அதுக்கு அடியில மேலத்தெருவைச் சேர்க்க, கட்டளையில '>>' போடணும். ஒத்தை '>' போட்டுட்டேன். ஒத்தைக் குறி பழசை அழிச்சுட்டுத்தான் எழுதும்; மேலத்தெரு ஏறி, கீழத்தெரு மொத்தமும் அழிஞ்சிருச்சு.

"மறுபடி சொல்றீகளா பெரியப்பா?"

"செத்தவுகளை ரெண்டாந்தடவை கூப்பிடச் சொல்றியேப்பா."

ஆனாலும் சொன்னாக. முன்ன பதினோரு பேரு, இப்ப பன்னெண்டு. கடைசிப் பேரு அவுக மகளோடது.

"அப்ப வாயில வரல"ன்னாக.

கமெண்ட்ல '>>' பத்திப் பாடம் எடுக்குறவுக எடுங்க. ஒத்தை '>' போட்டதுல எனக்கு வருத்தமில்ல.