‘வாரேன்’ என்றால் எத்தனை மணிக்கு?

ஞாயிறு காலை, பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்காரும் நேரத்தில் கோவிலில் சாவு மணி விட்டு விட்டு அடித்தது. ரெபேக்காள் அக்கா போய்விட்டார் என்று உபதேசியார் வந்து சொன்னார். திண்டுக்கல்லில் நம் சபையின் ஞாயிறு பள்ளியை நடத்தியவர் அவர். அவருக்குத் துணையாக இருந்தவர்களில் அதிகம் பாராட்டு வாங்கியவன் நான். குறைவாக உதவியவனும் நானே.

அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆயத்த வகுப்புக்கு வர வேண்டும். மறுநாள் பாடத்தை ஒருமுறை வாசித்து, பாய்களை உதறி வைக்க வேண்டும். எனக்கோ நன்றாகக் கதை சொல்வேன் என்ற மிதப்பு. ஞாயிறுதோறும் “வாரேன்க்கா” என்று விடைபெறுவேன். சனிக்கிழமை போகமாட்டேன்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். “நாளைக்குத் தாடிக்கொம்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லணும் அப்பு. படச்சுருளைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்” என்றார். “வாரேன்க்கா” என்று சைக்கிளில் ஏறினேன். கிளம்பும்போது எல்லோரும் சொல்கிற ‘வாரேன்’தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் அதை நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறுநாள் பந்தாட்டம் பார்க்கப் போனேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக நின்றிருக்கிறார். பிறகு தனியாகப் போய், ஒரு கையால் சுருளைத் தூக்கிப் பிடித்தபடியே கதை சொல்லியிருக்கிறார்.

திட்டுவார் என்று பயந்தேன். சிரித்தார். “இனிமே வாரேன்னா எத்தன மணிக்குன்னும் சேத்துச் சொல்லுலே!” அதன்பின் யார் ‘வாரேன்’ என்றாலும் “எத்தன மணிக்கு?” என்பார். சபையார் நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அது என்னால் வந்த கேள்வி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக அவரைப் படுக்கையில் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, பழக்கத்தில் “வாரேன்க்கா” என்றேன்.

“எத்தன மணிக்கு?”

“சனிக்கிழமை நாலு மணிக்கு.”

“செத்த நேரம் இருந்தாப் போதும். நோவா பாடத்த வாசிச்சுக் காட்டு.”

அந்தச் சனிக்கிழமை புகையிலை மண்டியில் வேலை முடிந்தும், அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மணி அடித்தது. “நாலு மணியிலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க” என்றார் அவர் தங்கை. எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

துக்க வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. முதல்முறையாக அக்காவிடம் அதைச் சொல்லாமல் எழுந்து வந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குப் போனேன். சாவி வாங்கி வகுப்பறைக் கதவைத் திறந்து, பாய்களை உதறிப் போட்டு, யாருமில்லாத அறையில் நோவா பாடத்தைச் சத்தமாக வாசித்தேன்.