மதிவதனி அழித்துக் காட்டிய கார்டுகள்

மதிவதனியை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாராவது அவளைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும். திட்டுவதென்றால் நானே திட்டிக்கொள்கிறேன்.

என் பெயர் சபீனா. அம்பத்தூர் பக்கத்தில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். மதிவதனி படம் எடுக்கிறவள். மேனாம்பேட்டில் அடுத்தடுத்த வீடு. மணப்பெண்ணின் முகம் படத்தில் வெளிறித் தெரிந்தால் அவள் என் பவுடரைக் குறை சொல்வாள், நான் அவள் ஃப்ளாஷைக் குறை சொல்வேன். ஒன்பது வருடமாக எங்கள் சிநேகிதம் இந்தச் சண்டையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் அம்மா பொன்னியம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்த்துத்தான் முதல் கேமராவை வாங்கிக் கொடுத்தார்.

படம் எடுப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் நலங்கு என்றால் மதிவதனியைத்தான் தேடுவார்கள். ஆண்களை வாசலோடு நிறுத்திவிட்டு, வீட்டின் பின்பக்கம் பெண்ணை உட்காரவைத்து மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றும்போது, ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் மாமிகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு ஆட்டம் போடுவார்கள் பாருங்கள், வீட்டுக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்கள் கல்யாணத்திலும் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான். கேமராவுக்குப் பின்னால் நிற்பவள் பெண், எடுத்த படம் அந்த வீட்டைத் தாண்டாது என்ற தைரியத்தில்தான் எல்லாரும் ஆடினார்கள்.

தாண்டாது என்பதற்கு அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. விசேஷம் முடிந்ததும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, கேமராவின் மெமரி கார்டில் இருப்பதை ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுப்பாள். பிறகு அவர் கண்ணெதிரிலேயே கேமராவில் கார்டை ஃபார்மட் செய்வாள். 'படங்கள் எதுவும் இல்லை' என்று திரையில் வந்ததும் அதை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "பார்த்துக்கோங்க, ஒண்ணு கூட கெடையாது" என்பாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைக் கூப்பிட்டார்கள் என்று நான் கேலி செய்வேன்.

சென்ற ஆவணியில் ஆவடி குவார்ட்டர்ஸில் கஸ்தூரியக்கா வீட்டு நலங்கு. அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. இளைய மகள் ஜீவாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம், செவ்வாய்க்கிழமை நலங்கு. மூத்தவள் சுதாவின் நலங்குக்கும் மதிவதனிதான் படம் எடுத்தாள், அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை.

விசேஷம் முடிந்து லேப்டாப்பில் கார்டைச் சொருகினால், திறக்கவே மாட்டேன் என்கிறது. ஃபார்மட் செய்தால்தான் படிக்க முடியுமாம். ஐந்நூற்று நாற்பது படங்கள். மதிவதனிக்கு முகம் செத்துவிட்டது. "சார்ஜ் தீந்துபோச்சுக்கா, நாளானிக்குக் கொண்டாந்து தர்றேன்" என்று கஸ்தூரியக்காவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வீடுவரைக்கும் அழுதாள்.

மறுநாள் காலை அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் கிஷோர் கடைக்குப் போனோம். செல்போன் சர்வீஸ், அழிந்த படங்களை மீட்டுத் தருவது எல்லாம் செய்கிறவர். நல்ல மனிதர்தான். கார்டை வாங்கி எதிலோ சொருகிவிட்டு, "ரெண்டு அவரு ஆவும்கா, குந்துங்க" என்றார். அந்த இரண்டு மணி நேரமும் மதிவதனி வேண்டாத சாமி இல்லை. என்னிடம் திரும்பி, உங்க சாமியையும் கேளு என்றாள்.

"அக்கா, வந்துச்சு!" என்று கிஷோர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மஞ்சள் அப்பிய கன்னத்தோடு ஜீவா சிரித்துக்கொண்டிருந்தாள். மதிவதனி என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல்கள் நொறுங்கின. போன உயிர் திரும்பி வந்தது எங்களுக்கு.

"மூவாயிரத்து நூத்தி இருவத்தாறு படம்கா" என்றார் கிஷோர்.

"நான் எடுத்ததே ஐந்நூத்தி நாப்பதுதான்."

அவர் திரையைக் கீழே நகர்த்தினார். ஜீவாவுக்குக் கீழே திருமுல்லைவாயிலில் எடுத்த ஒரு வளைகாப்பு. அதற்குக் கீழே யாரோ ஒரு பெண், தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிய, கண்ணை மூடிக்கொண்டு. அதற்குக் கீழே பூந்தமல்லி மண்டபம். அங்கே என் தங்கை. தலையில் துணியில்லாமல் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். போன வருடம் அவள் கல்யாணத்தில் எடுத்தது. அழித்துவிட்டேன் என்று என் அம்மாவிடம் மதிவதனி காட்டியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

செல்போன் திரைக்கு டெம்பர்ட் கிளாஸ் மாற்ற வந்த இரண்டு ஆண்கள் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மதிவதனி துப்பட்டாவை உருவித் திரையின் மேல் போர்த்தினாள். நான் அந்த இருவரையும் பார்த்த பார்வையில் அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"இது இன்னாடா கிஷோரு? இதெல்லாம் நான் அழிச்சதுடா!"

"ஃபார்மட்டு பண்ணா அழியாதுக்கா. புஸ்தகத்துல அட்டவணைய மட்டும் கிழிச்சுப் போட்ட மாதிரி அது. பக்கமெல்லாம் அப்படியே கீது. மேல வேற எதனா எழுதினாத்தான் போவும்."

மதிவதனி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ வாயில் வந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் சொன்னேன். "என் தங்கச்சிடி அது! ஊருக்கே சத்தியம் பண்ணிகினு திரிஞ்சியே!" என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் போய்ப் பயம் வந்துவிட்டது.

துப்பட்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளே ஜீவாவின் படங்களைப் பொறுக்கி எடுத்தாள். அது முடிந்ததும் கிஷோர் மற்றதையெல்லாம் தன் டிஸ்கிலிருந்து நீக்கினார். "பாருக்கா, ஒண்ணும் இல்ல" என்று காலியான திரையைக் காட்டினார்.

"இப்படித்தாண்டா நானும் ஒம்போது வருசமா காட்டினேன்" என்றாள் மதிவதனி.

கிஷோருக்குப் புரிந்தது. டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் வெற்று எழுத்தால் நிரப்புகிற ஒரு புரோகிராமை ஓடவிட்டார். ஆறு மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போங்கள் என்றார். அவள் நகரவில்லை. பன்னிரண்டு சதவீதம், பதின்மூன்று சதவீதம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் நான் வாங்கிவந்த லெமன் சாதம் பிரிக்காமல் கிடந்தது.

"தெரியாம செஞ்சதுதானடி" என்று முதுகைத் தடவினேன்.

"அவங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்? என் மூஞ்சியப் பார்த்து நம்புனாங்க. எத்தினி ஊடு சபீனா! எத்தினி பொண்ணுங்க!"

நூறு சதவீதம் ஆகும்வரை இருவரும் அங்கேயே கிடந்தோம்.

வியாழக்கிழமை காலை குவார்ட்டர்ஸுக்குப் போனோம். கஸ்தூரியக்கா கூடத்தில் தாம்பூலப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உள்ளே சுதா தங்கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். கணவன் வீட்டிலிருந்து பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். பென் டிரைவை வாங்கிக்கொண்ட அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ம், அழிச்சதக் காட்டும்மா. பார்த்துக்கிடுதேன்."

பொய் சொல்லிவிடுவாளோ என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்லப்போனால், அந்தப் பொய்யைச் சொல்லிவிடட்டும் என்றே நினைத்தேன். நாளைக்குக் கல்யாணம், இந்த வீட்டில் எதற்கு இந்தக் குழப்பம்? ஆனால் மதிவதனி தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து, கார்டை அதற்குள் வைத்து அழுத்தினாள். இரண்டாக உடைந்ததை அக்காவின் கையில் வைத்தாள்.

"ஃபார்மட்டு பண்ணா போவாதுக்கா. நேத்திக்குத்தான் எனக்கே தெரியும். வெட்டினாத்தான் போவும்." கிஷோர் கடையில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கஸ்தூரியக்கா துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லப்போகிறார் என நான் எதிர்பார்த்தேன்.

"அப்பம் சுதாவுக்கு எடுத்த கார்டு?" என்றார்.

மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கார்டு மூன்று வருடத்துக்கு முன் பழைய கேமராவோடு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. கடைக்காரர் அதை யாருக்கு விற்றார் என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியுமோ என்னவோ. கடையும் இப்போது அங்கே இல்லை.

"தெரியலக்கா" என்றாள். "யார் கையில கீதுன்னு தெரியல."

அக்கா கத்துவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். சாத்துவதற்குள் சுதா ஏதோ சொல்ல, ஜீவா சிரிப்பது கேட்டது.

"அவட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாது" என்றார். "அவ மாமனார் வீட்டாள்களைப் பத்தி உனக்குத் தெரியாது. நாளைக்கு வா. கல்யாணத்தை எடு. வேற ஆளு கிடைக்காது இப்பம். ஆனா சுதா பக்கம் மட்டும் கேமராவத் திருப்பாத. ஒரு படத்துலயும் எம்பிள்ள இருக்கப்பிடாது."

மதிவதனி தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சுதாவைப் போல ஓடியாடி வேலை செய்தவர் யாருமில்லை. பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, நான் போட்டுவிட்ட மேக்கப். முகூர்த்தம் முடிந்ததும் மேடையில் தங்கையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "மதியக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க" என்றாள். மதிவதனி காது கேட்காததுபோல மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் படம் எடுத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் சுதா இன்னொரு முறை கேட்டாள். அப்போது பேட்டரி மாற்ற வேண்டும் என்றாள் மதிவதனி.

மூன்றாவது முறை சுதாவே கேமராவுக்கு எதிரில் வந்து நின்றுகொண்டாள். "என்னக்கா, காலையிலேர்ந்து பார்க்கறேன். என்னைய மட்டும் விட்டுட்டே போறீங்க. நான் என்ன அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?" என்று சிரித்தாள்.

மதிவதனி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவும் பக்கம் வேகமாகப் போனாள். சுதா சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தாள். "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? நீங்களாவது எடுங்களேன்" என்றாள். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது என்று சொன்னேன்.