மருந்துப் புகை

பெங்களூரில் ‘டேட்பார்’ என்று ஒரு சொல் உண்டு. தேதி தாண்டிப்போன மாத்திரை, மாவு, பிஸ்கட் எல்லாம் டேட்பார்தான். பிடிக்காத நாத்தனாரையும் அப்படித்தான் சொல்வோம். தமிழோ கன்னடமோ, யாரிடம் சொன்னாலும் புரியும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஷெட்டுக்கு வேன் வேனாக வந்து இறங்கியது டேட்பார் மருந்து.

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். நான் கார்மென்ட்ஸில் டெய்லர். அவருக்கு இரண்டு தெரு தள்ளி அந்த ஷெட்டில் வேலை. அதை நடத்தியவர் ஒரு இன்ஜினியர். குப்பையிலிருந்து கரண்ட் எடுத்துக் காட்டுகிறேன் என்று இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். கடலைத் தோலையும் சோளச் சக்கையையும், அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளையும் ஒன்றாகக் கலந்து பெரிய இரும்பு டிரம்மில் கொட்டுவார்கள். காற்று சரியாகக் கிடைக்காமல் அது உள்ளுக்குள்ளேயே கனன்று புழுங்கும். அதிலிருந்து வரும் வாயுவில் ஒரு பழைய என்ஜின் ஓடும், என்ஜின் ஓடினால் பல்பு எரியும். ஏரியா முழுக்கக் கரண்ட் போன சாயங்காலங்களில் அந்த ஷெட் மட்டும் வெளிச்சமாக இருக்கும். தானே பெற்றெடுத்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என் வீட்டுக்காரர்.

டிரம்முக்குத் தீனி போடுவது இவர் வேலை. அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை குபுகுபுவென்று வரும். மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க மறந்துவிட்டால் ஒரு கசப்பு வருமே, அந்தக் கசப்பு அப்படியே வாசனையாக இருந்தது. அவர் சட்டையை எத்தனை முறை கசக்கினாலும் போகாது.

இந்தப் புகையைப் பார்த்துத்தான் எங்கள் தெரு ஜனங்களுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. சளி பிடித்தால் நொச்சித் தழை போட்டு வேது பிடிக்கிறோம். குளிப்பாட்டின குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். வெறும் தழைக்கே அவ்வளவு குணம் என்றால், டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை எரியும் புகையில் எவ்வளவு இருக்கும்? மூக்கொழுகுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஷெட் வாசலில் போய் நின்றார்கள். சாம்பலையும் விடவில்லை. ஒருத்தி பல் விளக்க வாங்கினாள், ஒருத்தி சேற்றுப்புண்ணுக்கு.

“அண்ணா, இன்னிக்கு இன்னா எரியுது? சளி மாத்திரயா, சுகர் மாத்திரயா?” என்று கேட்பார்களாம். சுகர் மாத்திரை என்றால் வயசானவர்கள் முன்னால் வந்துவிடுவார்களாம். சோறு தின்னும்போது இவர் சொல்வார், நான் புரையேறச் சிரிப்பேன். இன்ஜினியர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்பதால் காலையில் கேட்க ஆள் கிடையாது.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு வீசிங். மழை பிடித்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய அவள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வார்.

அந்த வருஷ மழையில் வீசிங் அடங்கவே இல்லை. இரண்டு பேருமாகக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “மனேல் ஹொகே இதியாம்மா?” என்றார். வீட்டில் புகை உண்டா என்று கேட்கிறார். “இல்ல சார், பம்ப் ஸ்டவ்தான்” என்றேன். இவரும் “இல்ல சார்” என்று தலையாட்டினார். புகை ஆகவே ஆகாது என்று சொல்லி சிரப் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ஒரு வாரமாகியும் குறையவில்லை. பிள்ளையின் தலைமுடியில் அந்தக் கசப்பு வாசனை அடித்தது. அப்பா தூக்கி வைத்திருப்பார், சட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் கார்மென்ட்ஸில் கரண்ட் போய், காலையிலேயே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்தபடி ஷெட் வழியாக வந்தேன். கடலைத் தோல் நனைந்திருந்ததோ என்னவோ, புகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டிரம் பக்கத்தில் யாரோ கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

“நல்லா இழு கண்ணு. இன்னும் ஒரே ஒரு வாட்டி. அப்பாக்காக.”

கம்பளியைப் பிடுங்கி எறிந்தேன். மடியில் என் பிள்ளை, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா பண்ற நீ?” என்று கத்தினேன். மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“இந்த லோடு முழுக்க சளி மாத்திரதாம்மே. ஒரு வாரமா தூக்கினு வந்து காமிக்கிறேன். சளி எளகுது பாரு.”

“டாக்டரு பொக இருக்குதான்னு கேட்டாரே, ஏன் வாயத் தொறக்கல?”

அவர் என்னை விழித்துப் பார்த்தார். “அவுரு பொகயதானே கேட்டாரு. இது மருந்தாச்சே?”

பொய் சொல்லவில்லை அவர். அந்த முகத்தில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு அறை விட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். ஓசூர் ரோடு முழுக்க லாரி. மடிவாளா தாண்டுவதற்குள் அந்த விசில் சத்தம் நின்றுவிட்டது. “தூங்கிட்டாளா?” என்று கேட்டார் இவர். நான் அவள் நெஞ்சில் காதை வைத்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, இன்னும் கொஞ்சம் முன்னாடியே புகை காட்ட ஆரம்பித்திருக்கலாம் என்றாள். அவளை வெளியே போகச் சொல்லிக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஷெட்டையும் அப்புறம் மூடினார்கள், எங்களுக்காக இல்லை. என்ஜினுக்குள் தார் மாதிரி என்னவோ அடைத்துக்கொண்டு, இருமி இருமி நின்றுபோனதாம். அதைப் பார்க்க மட்டும் எங்கிருந்தோ மெக்கானிக் வந்தார்.

அவரை நான் வெறுத்தேன். ஒரே கூரைக்குள் சமைத்துப் போட்டேன், துணி துவைத்தேன், வெறுத்தேன். அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சில வருஷம் கழித்து மகன் பிறந்தான். குளிப்பாட்டி முடித்ததும் பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போலத் தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணியைத் தூவிக்கொண்டு உள்ளே வந்தார். நான் பிள்ளையின் முகத்தைத் துண்டால் மூடினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். வெறுங்கையால் தூபக்காலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடிச் சாக்கடையில் கவிழ்த்தார். குடத்துத் தண்ணீரை அதன்மேல் கொட்டினார். கங்கு அணைந்த பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னா தம்பி இது? கொழந்தைக்கு நல்லதுதானே, மருந்தாச்சே?” என்றார் அக்கா.

“பொக, அக்கா,” என்றார் இவர். கொப்புளம் எழும்பிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். “அது பொக, அக்கா.”

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.