முட்டிக்காக ஒரு கல்யாணம்

நல்லம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியது பாதி, ஈப்போ பேரங்காடியில் தரை துடைத்தது மீதி என்று அவள் வலது முட்டி தேய்ந்தே போய்விட்டது. செயற்கை முட்டி வைக்கணும் என்றார் அரசாங்க மருத்துவமனை டாக்டர். அறுவைக்குச் சொற்பக் கட்டணம்தான். ஆனால் அந்த முட்டியை நோயாளிதான் வாங்கணும், பல ஆயிரம் வெள்ளி. அத்தனைக்கு அவள் எங்கே போவாள்?

அதற்குத்தான் வருமானம் குறைந்தவர்களுக்கான பி-நாற்பது சுகாதாரத் திட்டம் இருக்கிறது. அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவருக்கும், நாற்பது வயசு தாண்டிய அவர் மனைவிக்கும் இந்தச் செலவைக் கொடுக்கும். காவலாளி வேலை பார்க்கும் புருஷன் மாயாண்டிக்கு உதவித்தொகை வருகிறது. அப்புறமென்ன, காரியம் ஆச்சு என்று இருவரும் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்கு மனுப் போடப் போனார்கள்.

முகப்பில் இருந்த சாந்தினி கணினியில் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க பூஜாங்னு காட்டுதுலா. கல்யாணமே ஆவலயாம்."

முப்பத்தொரு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாலி கட்டியது உண்மை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில், லயமே கூடிச் சாப்பிட்டது. பதிவு அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை. தோட்டத்தில் பல பேர் கதை இப்படித்தான். தாலி ஏறிவிட்டால் கல்யாணம், காகிதத்தை யார் கேட்டது? "அடுத்த வாரம் போலாம்" என்ற மாயாண்டிக்கு அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பிள்ளைகள் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் சூராவுக்காகவாவது ஓடியிருப்பான். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

சாந்தினி நல்ல பெண். குரலைத் தாழ்த்தி வழி சொன்னாள். "பூஜாங்னே தனியா உதவித்தொகைக்கு மனு போடுங்கக்கா. அது வந்தா உங்க பேர்லயே முட்டி கிடைக்கும்."

"போட்டுடு புள்ள. வெறும் காகிதம்தானே," என்றான் மாயாண்டி.

நல்லம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "வெறும் காகிதம்னுதான் இத்தன வருஷம் ஓட்டிட்டீங்க. எனக்குப் புருஷன் இல்லேன்னு என் கையாலயே எழுதவா? வலிச்சா வலிச்சுட்டுப் போவுது. நான் மாட்டேன்."

அம்மாடி, என்ன பிடிவாதம்! ஆனால் மாயாண்டிக்கு அது எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. மறுநாள் யாரும் சொல்லாமலே பதிவு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தான். மூன்று வாரம் இருவர் பெயரும் அறிவிப்பில் இருக்கணும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் அவன் பட்ட பாட்டைப் பார்க்கணுமே. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. படிக்கட்டு திரும்புகிற இடமெல்லாம் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தான், அவள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும் என்று.

முட்டிக்கு அனுமதி பிறகு வந்துவிட்டது, கவலை வேண்டாம். நான் சொல்ல வந்தது பதிவு நாளைப் பற்றி.

அதிகாரி மலாய்க்காரர். யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழுச் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நல்லம்மாள் பட்டென்று ஆமாம் என்றாள். மாயாண்டி அவள் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்," என்றான் மாயாண்டி, தமிழில். "என் சோம்பேறித்தனத்தால இவ இன்னும் நொண்டிக்கிட்டு நிக்கிறா." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டான்.

ஒன்றும் விளங்காமல் அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். நல்லம்மாள் முந்தானையால் அவன் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள்:

"சம்மதம்னுதான் சொல்றாரு துவான். எழுதிக்குங்க."