எங்கள் வீட்டுப் பட்டாபிஷேகம்

இங்கிலாந்து ராணியின் சவ ஊர்வலத்தை நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். எங்கள் ஊர் மீஞ்சூரைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி போகிற ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. அந்த அம்மாளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. தம்பி ரிமோட்டைக் கையை விட்டு விடவில்லை, அவ்வளவுதான். அவன் சரித்திரத்தில் எம்.ஏ. திருவள்ளூரில் அரசு வேலைப் பரீட்சைக்குச் சொல்லித்தரும் ஒரு கோச்சிங் சென்டரில் வாத்தியார். எந்த ராஜா செத்தாலும், செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருந்தாலும், இவன் துக்கம் விசாரிக்கப் போய்விடுவான்.

நான் அப்போதுதான் சிப்காட்டில் காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். காருக்கு வயர் கட்டும் கம்பெனி. முகம் கூடக் கழுவாமல் நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆந்திரா எல்லை கிட்டத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் பலரும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

டிவியில் கடற்படைக்காரர்கள் கயிறு பிடித்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இத்தினி பேரு நடக்கறானுங்க, ஒருத்தன் கூட குடிச்சிட்டு வரல பாரு" என்றார் நைனா. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு வேறொரு கவலை வந்தது. "டேய், பொட்டி மேல கிரீடத்த வெச்சிக்கிறாங்களே, அத்தயும் சேத்துப் பொதச்சிடுவானுங்களா?"

"இல்ல நைனா. உள்ள எறக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க."

"அப்பால அது யாரு தலைக்குப் போவும்?"

"பெரிய புள்ளைக்கு."

நைனா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். துண்டை என் தலைமேல் போட்டு, "நம்ப ஊட்டுக் கிரீடம் இதான். இந்தா, பெரிய புள்ள நீதானே, வெச்சிக்கோ" என்றார். அம்மா சிரித்தாள், தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். வியர்வையும் பீடியும் கலந்த வாடை அடித்தது. "சீ, நாறுது நைனா" என்று தூக்கி எறிந்தேன்.

விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் அந்தத் துண்டு லேசான சமாச்சாரம் இல்லை. நைனா வாலிபத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நிலத்துக்காரர் எதிரே வந்தால் தலையில் இருக்கும் துண்டை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். பிறகு சிப்காட் வந்தது, ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலைக்குப் போகும்போது துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஊர்த் தெரு வழியாகவே நடந்து போனாராம். சுற்று வழியாம், இருந்தாலும் போனாராம். இடுப்பு விட்டுப்போய் வேலையை விடும் வரைக்கும் அந்தத் தலைப்பாகை இல்லாமல் அவர் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிறகு வேலைக்குக் கிளம்பியது நான்.

அடுத்த மழைக்காலத்தில் நைனா செத்துப்போனார்.

எங்கள் பக்கத்தில் செத்தவன் ராஜா. உயிரோடு இருக்கும்போது டீக்கடை பெஞ்சில் இடம் கொடுக்காதவன் கூட, செத்த பிறகு மாலையோடு வருவான். பூப்பல்லக்கு வந்தது, பேண்டு வந்தது, பட்டாசு வெடித்தது, போகிற வழியெல்லாம் புடவை விரித்து அதன்மேல் நடந்து தூக்கிப் போனார்கள். தம்பியின் கூட்டாளிகள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் நைனா சிங்காசனத்தில், கிரீடத்தோடு, கையில் வாள் பிடித்து உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் ரேஷன் கார்டு போட்டோவில் இருந்து எடுத்தது. யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் கம்பெனியில் இருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

தம்பி துக்கத்திலும் பாடம் எடுத்தான். அவனுக்கு அழத் தெரியாது, பேசத்தான் தெரியும். துணி விரிப்பது, பந்தம் பிடிப்பது, பல்லக்கு எல்லாமே அரண்மனை மரியாதை என்றான். சோழ ராஜாக்களைப் புதைத்த இடத்தில் கோயிலே கட்டினார்கள், அதற்குப் பள்ளிப்படை என்று பேர் என்றான். சில ராஜ வம்சங்களில் பிணத்தை எடுப்பதற்கு முன்பே வாரிசுக்குப் பட்டம் கட்டிவிடுவார்களாம். சிங்காசனம் கொஞ்ச நேரம்கூடக் காலியாக இருக்கக் கூடாதாம்.

"நம்பளுக்கு அதான் கருமாதில தலப்பா கட்டறது" என்றான்.

கருமாதி அன்று, சாங்கியங்கள் முடிந்ததும், மூத்த மகனை மணையில் உட்கார வைத்துத் தாய்மாமன் புதுத்துணியில் தலைப்பாகை கட்டுவார். இனி இந்த வீட்டுக்கு இவன்தான் என்று நாலு பேர் அறியச் சொல்வது அது. எங்கள் வீட்டில் மூத்தது நான். மகன் அவன்.

ஒரு நாள் மத்தியானம் அவன் என்னிடம் வந்து, "யக்கா, தலப்பாவ உனக்குக் கட்டச் சொல்லப்போறேன்" என்றான்.

"போடா, பேஜாரு பண்ணாத."

"மெய்யாலுமேக்கா. ஆந்திராப் பக்கம் ஒரு ராஜா, புள்ள இல்லன்னு பொண்ணுக்கே ஆம்பள பேரு வெச்சி பட்டம் கட்டிகிறாரு. அந்தம்மா எத்தினி வருஷம் ஆண்டுகிது தெரியுமா? நம்ப நைனா என்னிக்கோ உன் தலைல துண்டப் போட்டுட்டாரு. எனக்கு வோணாம்."

நான் அவனைத் திட்டித் துரத்தினேன். ஆனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவனும் கவனித்திருப்பான்.

அதற்குப் பிறகு எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. சொல்லவே வாய் கூசுகிறது. நைனா போன துக்கத்தில் அழுதுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில், மணையில் உட்கார்வது எப்படி, கும்பிட்டுக்கொண்டா, மடியில் கை வைத்துக்கொண்டா என்றெல்லாம் யோசித்தேன். வயர் கட்டும்போது யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன். ஒரு சாயங்காலம் நைனாவின் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று கட்டிப் பார்த்தேன். எனக்கு நைனாவின் நெற்றி. நன்றாகத்தான் இருந்தது. வெளியே அம்மா, "எத்தினி நேரம்டி" என்று கத்தினாள். திருடியவள் மாதிரி அதை உருவி, பக்கெட்டில் முக்கி, துவைக்கத்தான் எடுத்துப்போனேன் என்று வெளியே வந்தேன். அவர் வாடை அத்தோடு போய்விட்டது.

கருமாதி காலையில் தலைமுடியை இழுத்துக் கொண்டையாகச் சுருட்டி, வெளியே தெரியாதபடி பின்களைக் குத்திக்கொண்டேன். கொண்டை தூக்கி நின்றால் துணி உட்காராது. அதற்காக மண்டையோடு மண்டையாக ஒட்ட வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நர்ஸம்மா மாதிரி" என்றாள். நான் தட்டு எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஏரிக்கரையில் காரியம் முடிந்து எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். தம்பிக்கு மொட்டை அடித்திருந்தார்கள். மணை போட்டார்கள். மாமா, அம்மாவின் அண்ணன், கரை போட்ட வெள்ளைத் துணியை உதறிப் பிரித்தார். தம்பி உட்கார்ந்தான். சரி, பேச்சோடு சரி என்று நினைத்தேன்.

அவன் எழுந்தான்.

"மாமா, எனக்கு வோணாம். யக்காவுக்குக் கட்டு. இந்த ஊட்ட நடத்தறது அதான்."

பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ கெக்கலித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் நல்ல மனுஷன். துணியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னாம்மா, கட்டட்டா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும். அவர் கட்டியிருப்பார். எவன் என்ன சொன்னாலும் கட்டியிருப்பார், அந்த முகத்தில் தெரிந்தது. ஆனால் அத்தனை பேரும் என் தலையைத்தான் பார்க்கிறார்கள், ஒட்ட வைத்த முடியைப் பார்க்கிறார்கள், பாத்ரூமில் நான் நின்றது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

"அய்ய, அவனுக்கு இன்னா பைத்தியமா மாமா?" என்றேன். குரல் நன்றாகச் சத்தமாக வந்தது. "புக்கப் படிச்சிப் படிச்சி மூள கொழம்பிக் கீது. பொம்பள தலைல எவனாச்சும் தலப்பா கட்டுவானா? டேய், குந்துடா."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பிடிச் சொல்லு" என்று அத்தை என் முதுகில் தட்டினாள். சாவு விழுந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுதான். தம்பி என்னைப் பார்த்தான். வகுப்பு நடத்தும் பையன், அத்தனை பேர் முன்னால் காது சிவக்க நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

மொட்டைத் தலையில் துணி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. "இத்தச் சித்தப் புடிம்மா" என்றார் மாமா. நான் போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் சுற்றினார். முனையைச் செருகும்போது தம்பியின் கழுத்து என் விரலில் பட்டது. சுட்டது. தலைப்பாகையோடு அவனைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள், நான் பந்தி பரிமாறப் போனேன். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகக் குனிந்து போனேன், ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தம்பி அன்றிலிருந்து என்னிடம் ராஜா கதை பேசுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் பரீட்சைக்குக்கா" என்கிறான். மற்றபடி பிரியமாகத்தான் இருக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் தேவலை.

கருமாதி அன்றைக்கே சாயங்காலம் சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். தீட்டுக் கழிந்தது, தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்றாள். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது, அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முடியைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு பின்னை எடுத்துத் தரையில் வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"இன்னாடி, இத்தினி பின்னு குத்திக்கினு கீற?"

"கம்பெனில தொப்பி போடணும்ல. முடி வெளிய தெரியக் கூடாது. அதான்."

அம்மாவின் கை நின்றது.

"இன்னிக்கி நீ லீவு தானேடி" என்றாள்.

மீதிப் பின்களை வலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள். நைனா செத்த அன்று வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.