தலைகீழாகத் திருப்பிய குளிர்காலம்

லண்டன் நோர்பரியில் இருந்துகொண்டு தென்துருவத்துக்கு வானிலை பார்த்தவள் நான். பார்த்தவள் என்றால், அங்கே அலுவலகமொன்றில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துருவத்துப் பனிமேட்டில் நிற்கும் கம்பத்திலிருந்து வரும் எண்களில் பிழை பிடித்தவள். கம்பத்தில் அடியிலிருந்து உச்சிவரை வெப்பமானிகள். எத்தனையோ வருடங்களாக விடாமல் நடக்கும் பதிவு என்று எங்கள் மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதை அவர் ஒருநாளாவது திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

நான் மட்டும் என்ன திறம்? படித்தது கணக்கு. வானிலையில் என் அறிவெல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியா மலையில் நடுங்கியதுதான். மேலே போகப் போகக் குளிரும், அவ்வளவே. ஆகவே முதல் வருடம், அங்கே சூரியனே எழாத மாதங்களில், கம்பத்தின் அடி கடுங்குளிராகவும் உச்சி அதைவிடச் சூடாகவும் பதிவாகி வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே தங்கியிருந்த தொழில்நுட்பக்காரர் கை விறைத்து வயர்களை மாறிக் கொழுவிவிட்டார் என்று முடிவுகட்டினேன். கம்பத்தில் ஏறிப் பார்த்ததாகவும் எல்லாம் சரி என்றும் இரண்டு தடவை எழுதினார் அந்த மனிதர். கேட்டால்தானே! முந்தைய வருடங்களைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அடியின் எண்களை உச்சிக்கும் உச்சியின் எண்களை அடிக்குமாக அந்தக் குளிர்காலம் முழுவதையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். மேலாளர் வாசிக்காமலே தலையாட்டினார். கவனமில்லாத ஆள் என்று சொல்லி அந்தத் தொழில்நுட்பக்காரரை அடுத்த வருடம் அனுப்பவில்லை.

அடுத்த வருடம் வேறொருவர் போனார். அதே எண்கள் வந்தன.

"இவனும் மாறித்தான் கொழுவியிருக்கிறான்" என்று வீட்டில் பொரிந்து தள்ளினேன். என் கணவருக்கு ஹவுன்ஸ்லோவில் குளிரூட்டிய கிடங்கில் வேலை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உமக்கென்ன விசரே? வெயில் இல்லாட்டி நிலம்தான் முதல்ல விறைக்கும். குளிர்காத்து பாரம், கீழதான் கிடக்கும். எங்கட கிடங்கில ஆரிட்டையும் கேட்டுப் பாரும்."

மறுநாள் பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் அப்படியேதான் இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

நான் திருப்பிப் போட்டதைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன், முதல் வருடம் போன அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். எண்கள் சரியாகிவிட்டனவே, பிறகென்ன, பழையதைக் கிளறாதீர்கள் என்றார் அந்தப் பெரிய மனிதர். நானும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அந்தத் தொழில்நுட்பக்காரர் எனக்கே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எந்த வயரை மாற்றிக் கொழுவினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள், இனி எங்கு வேலை செய்தாலும் அந்தப் பிழையை விடமாட்டேன் என்று.

இன்னும் நான் பதில் போடவில்லை.